இரண்டாவது குழாய் எங்கே போகிறது?

ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் மனம் ஒட்டாத அண்ணன் தம்பியரைக் கண்டால், "எண்ணெயும் தண்ணீரும்போல் இருக்கிறார்கள்" என்பர் நம் பெரியோர். நற்கருணைப் பேழையின்முன் தொங்கும் கண்ணாடி விளக்கில் அடியில் தண்ணீரும் மேலே எண்ணெயுமாக ஊற்றித் திரியிட்டுப் பழகிய உபதேசியாருக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

ஆயின் நிலத்தின் ஆழத்தில் நிலைமை வேறு. அங்கே எண்ணெயும் தண்ணீரும் ஒரே பாறையின் நுண்துளைகளுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடுத்தடுத்துக் கிடக்கின்றன. எண்ணெய் வேண்டுமென்று மனிதன் துளையிட்டால், அழைக்காத விருந்தாளியாகத் தண்ணீரும் கூடவே மேலே வருகிறது. வருவதும் கொஞ்சமன்று. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். உலகளவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி, ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ மூன்று பீப்பாய் தண்ணீர் வெளிப்படுகிறது. கிணறு பழையதாக ஆக, எண்ணெய் குறைந்து தண்ணீரே மிகுகிறது. எண்ணெய்க் கிணறு என்று நாம் பெயரிட்டிருக்கிறோமேயன்றி, பல கிணறுகள் உண்மையில் தண்ணீர்க் கிணறுகளே.

அந்தத் தண்ணீர் குடிக்கவும் உதவாது, பயிருக்கும் உதவாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. எண்ணெயோடு வரும் நீரில் சில இடங்களில் இதைவிடக் குறைவாகவும், சில இடங்களில் இதைப்போல் ஐந்தாறு மடங்காகவும் உப்பு இருக்கும். அதனுடன் எண்ணெய்த் துளிகளும், பென்சீன் போன்ற நச்சுப் பொருள்களும், உலோகங்களும் கலந்திருக்கும். இதனை மீண்டும் ஆழத்துக்கே திருப்பிச் செலுத்துவது பரவலான வழக்கம். கடலுக்கு நடுவே எடுக்கும்போது எண்ணெயைப் பிரித்துவிட்டு நீரைக் கடலிலேயே விடுவதும் உண்டு.

"நாகை மாவட்டத்து நரிமணத்தாருக்கு உரிய கவலையன்றோ இது? இராயபுரத்திலும் எண்ணூரிலும் எண்ணெய்க் கிணறு ஏது?" என்று வாசகர் கேட்கலாம். கிணறு இல்லைதான். ஆனால் அந்தத் தண்ணீர் இங்கும் வருகிறது.

மதராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் 1965இல் நிறுவப்பட்டு, 1969இல் மணலியில் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இன்று சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேஷனாக ஆண்டுக்கு 1 கோடியே 5 இலட்சம் டன் கச்சா எண்ணெயைக் கையாளும் திறன் பெற்றிருக்கிறது. கப்பலில் துறைமுகத்திற்கு வந்து, அங்கிருந்து குழாய்வழியே மணலியை அடையும் அந்த எண்ணெயில், அது பிறந்த பாறையின் உப்புநீர் சிறு துளிகளாக ஒட்டிக்கொண்டே வருகிறது. அப்படியே காய்ச்சினால் உப்பு, இரும்புக் குழாய்களை அரித்துவிடும். ஆகையால் எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலும் முதல் வேலை, கச்சா எண்ணெயை நன்னீரால் கழுவி உப்பை நீக்குவதுதான். கழுவிய நீர் எண்ணெயும் உப்புமாகக் கழிவுநீர்த் தொட்டிக்குப் போகிறது. அரபு நாட்டின் பாறையடியில் கிடந்த உப்பு, இவ்வாறு நம் கொசஸ்தலையாற்றின் கரைக்கு வந்து சேருகிறது. அதனை என்ன செய்வது என்னும் கேள்வியும் கூடவே வந்து சேருகிறது.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதென்றால் பிரிப்பதில் என்ன கடினம்? கடினம் துளியின் அளவில் இருக்கிறது. பெரிய துளிகள் தொட்டியில் சற்று நேரம் தேங்கினாலே மேலே மிதந்துவிடும், வழித்து எடுத்துவிடலாம். அதனினும் சிறியவற்றைக் காற்றுக் குமிழிகளை அடியிலிருந்து விட்டு மேலே தூக்கலாம். ஆனால் தலைமுடியின் பருமனில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான துளிகள், பாலில் வெண்ணெய் ஒளிந்திருப்பதுபோல் நீருக்குள் ஒளிந்துகொள்ளும். நாள் முழுவதும் வைத்திருந்தாலும் பிரியமாட்டா. மத்திய அரசு 2008இல் வகுத்த விதிப்படி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெளியேற்றும் ஒரு லிட்டர் நீரில் எண்ணெய்ப் பசை 5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. அந்த அளவை எட்டத் தொட்டியும் குமிழியும் மட்டும் போதா. நீரிலுள்ள அழுக்கைத் தின்று தூய்மையாக்கும் நுண்ணுயிர்களின் உதவி வேண்டும். அதற்கும் மேலே போகத்தான் சவ்வு வேண்டும்.

சவ்வு என்பது என்ன? மீனவர் மொழியில் சொன்னால், அது ஒரு வலை. கண் பெரிதாயிருந்தால் சிறு மீன் தப்பும். கண் சிறிதாயிருந்தால் நெத்திலியும் அகப்படும். சவ்வின் கண்ணோ மைக்ரான் கணக்கில் அளக்கப்படுவது. மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு, ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் பருமன் உடையது. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கும் அதற்குக் குறைவுமான கண்களையுடைய சவ்வு, ஒளிந்துகொண்ட எண்ணெய்த் துளிகளைத் தடுத்துவிடும். பிளாஸ்டிக் வகைகளால் செய்ததும் உண்டு. வெப்பத்தையும் அமிலத்தையும் தாங்கும் பீங்கான் சவ்வுகளும் உண்டு. ஆயின் நீரில் கரைந்துவிட்ட உப்புக்கும் பென்சீனுக்கும் இந்த வலை ஒரு பொருட்டன்று. அவை நீரோடு நீராக உள்ளே நுழைந்துவிடும். உப்பைத் தடுக்க, கண்ணே இல்லையென்று சொல்லத்தக்க சவ்வு தேவை. அதுதான் ஆர்.ஓ. என்று இன்று வீட்டுக்கு வீடு வழங்கும் பெயருக்கு உரியது.

இதன் வரலாற்றில் நமக்கு மகிழ்ச்சி தரும் இரு செய்திகள் உண்டு. திருச்சபைப் பணிக்கெனப் பயின்று, பின்னர் அறிவியலில் பேர்பெற்ற பிரெஞ்சு நாட்டு அபே நொல்லே என்பவர், 1748இல் சாராயம் நிரம்பிய ஒரு பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். சற்று நேரத்தில் அந்தத் தோல் வெளிப்புறமாக உப்பிப் புடைத்தது. தண்ணீர் தானாகவே தோலினூடே உள்ளே புகுந்திருந்தது. இதுவே சவ்வூடு பரவல். நீர் தானாக ஓடும் திசைக்கு எதிராக அழுத்தம் கொடுத்தால், உப்புநீரிலிருந்து நன்னீர் மட்டும் பிரிந்து வரவேண்டும் அன்றோ? அதற்குத் தகுந்த சவ்வு கிடைக்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1950களின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன் என்பவரும் சேர்ந்து அதைச் செய்துகாட்டினர். அவர்களுடைய சவ்வைக்கொண்டு 1965இல் கோலிங்கா என்னும் சிற்றூருக்குக் குடிநீர் வழங்கப்பட்டது. எண்ணெய்க் கிணறுகள் சூழ்ந்த ஊர் அது. ஒரு காலத்தில் குடிநீரை இரயிலில் வரவழைத்த ஊர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு இரயிலில் தண்ணீர் வந்ததை மறவாத நமக்கு, கோலிங்காவின் வேதனை புரியாமற் போகாது.

நம் வடசென்னைக்குச் சவ்வு வந்ததும் தாகத்தினால்தான். மணலியின் ஆலைகளுக்கும் மாநகருக்கும் மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரே பெருமளவில் இறைக்கப்பட்டது. இறைத்த வெற்றிடத்தில் கடல் புகுந்தது. 1969 அளவிலேயே கண்டறியப்பட்ட இந்தக் கடல்நீர்ப் புகல், பின்வந்த ஆண்டுகளில் பல கிலோமீட்டர் உள்நோக்கி நகர்ந்து, கழனிக் கிணறுகளை உவர்க் கிணறுகளாக்கிற்று. மணலியின் பெரிய ஆலைகள் சில, 1990களிலேயே நகரின் கழிவுநீரை வாங்கிச் சவ்வுகளால் தூய்மையாக்கிப் பயன்படுத்தத் தொடங்கின. காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுள்ள மீஞ்சூர்க் கடல்நீர் ஆலை 2010இல் தொடங்கப்பட்டது. கொடுங்கையூரில் வீட்டுக் கழிவுநீரை நுண்வடிப்புச் சவ்வும் ஆர்.ஓ. சவ்வுமாக இருமுறை வடித்து, நாளொன்றுக்கு 4 கோடியே 50 இலட்சம் லிட்டரை மணலி, எண்ணூர்ப் பகுதி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019இல் வந்தது.

இது சிறிய நன்மையன்று. ஓர் ஆலை நம் வீட்டுச் சாக்கடையிலிருந்து பெற்ற நீரைக் கொதிகலனுக்கு ஊற்றும்போது, பூண்டியின் நீரும் செங்குன்றத்தின் நீரும் அந்த அளவுக்கு ஒரு குழந்தையின் குவளைக்கு மிச்சமாகின்றன. இத்தகைய வேலையைச் செய்யும் பொறியாளரையும் தொழிலாளரையும் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். "ஆலையென்றாலே தீமை" என்று பேசுவது நம் மேடைகளில் எளிதாகிவிட்டது. ஆலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தந்தையர் நம் கோவில்களில் எத்தனை பேர்!

ஆயினும், சவ்வைப் பற்றி நம் மக்கள் பெரிதும் அறியாத ஓர் உண்மை உண்டு. அதைச் சொல்லவே இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டோம். சவ்வு பிரிக்கும், அழிக்காது.

நம் அடுக்களைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. பெட்டியையே பாருங்கள். அதிலிருந்து இரண்டு குழாய்கள் வருகின்றன. ஒன்றில் நாம் குடிக்கும் தண்ணீர். மற்றொன்று யாரும் பார்க்காதபடி தொட்டியின் ஓரமாகச் சாக்கடைக்குள் இறங்குகிறது. பல பெட்டிகளில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் அந்த வழியே ஓடுகிறது. நாம் வேண்டாமென்ற உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, எங்கும் மறைந்துவிடவில்லை. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புள்ள நீருக்கு இப்பெட்டிகள் தேவையில்லை என்று கூறி, கட்டுப்பாடு கொண்டுவரும்படி அரசைப் பணித்ததும் இதனால்தான்.

பெட்டிக்கு உள்ளது ஆலைக்கும் உண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் 100 லிட்டர் கடல்நீரிலிருந்து 40 அல்லது 45 லிட்டரே நன்னீராகிறது. அந்தக் கணக்கில், 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் ஆலை முழு அளவில் இயங்கும் நாளில், 12 முதல் 15 கோடி லிட்டர் வரை கடலைப்போல் ஏறக்குறைய இருமடங்கு உப்புள்ள நீரைத் திரும்பக் கடலில் விட வேண்டும். கரையோரம் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும் இடத்தில் அது கலக்கிறதா, ஆழத்தில் விரைவாகக் கரையும்படி விடப்படுகிறதா என்பதில் ஒரு குப்பத்தின் அடுத்த ஆண்டு வருமானம் அடங்கியிருக்கிறது.

எண்ணெய்க் கிணற்று நீரின் நிலைமை இதனினும் கடினம். உப்பு மிகுந்தால் அதை எதிர்க்கும் அழுத்தமும் மிக வேண்டும். கடல்நீருக்கே வளிமண்டல அழுத்தத்தைப்போல் 55 முதல் 70 மடங்கு அழுத்தம் வேண்டியிருக்கிறது. கடலைப்போல் இருமடங்கு உப்பைத் தாண்டினால் வழக்கமான ஆர்.ஓ. சவ்வு கைவிரித்துவிடும். பின்னர் காய்ச்சி ஆவியாக்கும் வழியைத்தான் நாடவேண்டும். அதற்கு எரிபொருளும் பணமும் மிகுதியாகும். நம் இல்லங்களிலிருந்து பலர் வேலைக்குச் சென்றிருக்கும் ஓமான் நாட்டில், நிம்ர் என்னும் எண்ணெய் வயலில், நாணற் புல்லை நூற்றுக்கணக்கான எக்டரில் வளர்த்து, அதன் வேரிலுள்ள நுண்ணுயிர்களைக்கொண்டு எண்ணெயைப் போக்குகிறார்கள். அங்கும் இறுதியில் நீர் ஆவியாகப் போன பின் உப்பு மிஞ்சத்தான் செய்கிறது.

அந்த மிச்சம் எப்படியிருக்கும் என்பதைத் திருப்பூரில் காணலாம். சாயக் கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததன் விளைவாக, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்குத் திருப்பூர் மாறிற்று. சவ்வுகள் நீரைப் பிரித்துக் கொடுக்கின்றன. அதே நீரில் மீண்டும் துணி தோய்க்கிறார்கள். பாராட்டத்தக்க சாதனைதான். ஆனால் காய்ச்சிய பின் எஞ்சும் கலப்பு உப்பு எதற்கும் உதவாமல் மூட்டை மூட்டையாகக் குவிந்து, அதை வைப்பதற்கு இடம் தேடும் நிலையும் அங்கே ஏற்பட்டது. ஆற்றில் கரைந்து கண்ணுக்குப் படாமற் போனது, மூட்டையில் கட்டப்பட்டுக் கண்முன் வந்து நின்றது. ஒருவகையில் இது நேர்மையான காட்சி.

சவ்வுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. எந்த எண்ணெயைத் தடுக்க வேண்டுமென்று அதை வைத்தோமோ அந்த எண்ணெயே அதற்குப் பகை. பசை படிந்தால் வலையின் கண் அடைபடும்; நீர் இறங்காது. நாள்தோறும் பின்னோக்கி நீர் பாய்ச்சிக் கழுவவேண்டும், மருந்திட்டுத் துலக்கவேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கழுவிய நீரும் கழித்த சவ்வும்கூடக் கழிவுகளே. இதற்கெல்லாம் பணமும் பொறுமையும் வேண்டும். முதலில் செலவு செய்து நிறுவிவிட்டுப் பராமரிப்பில் கையைச் சுருக்கினால், அது திறப்பு விழாக் கல்வெட்டாகத்தான் நிற்கும்.

மேலும், சவ்வு வரைக்கும் வந்துசேராத எண்ணெயை எந்தச் சவ்வும் பிரிக்க இயலாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோது கரியெண்ணெய் கரையெல்லாம் அப்பிற்று. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றுக்கும், எண்ணூர் முகத்துவாரத்துக்கும் பரவிற்று. மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து அது வெளிவந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. காட்டுக்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு படிந்தது. படகும் வலையும் பாழாயின. இரு நிகழ்ச்சிகளிலும் கரைமக்கள் கண்டது ஒரே காட்சி: உலகின் நுட்பமான வடிகட்டிகள் சில மைல் தொலைவில் இருக்க, இங்கே மனிதர் வாளியைக்கொண்டு எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தனர். ஓலைக்கூடையைப் பல்லில் கவ்வியபடி, இடுப்பளவு நீரில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் பெண்களுக்கு, அந்த நீரை விட்டால் வேறு வயல் இல்லை.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, "நம் ஊரில் நவீன இயந்திரம் இருக்கிறதா?" என்பது மட்டுமன்று. "அந்த இயந்திரத்தின் இரண்டாவது குழாய் எங்கே போகிறது? வெள்ளம் வரும் நாளில் என்ன செய்வார்கள்?" என்பதே.

பிலாத்து எல்லோருக்கும் முன்பாகத் தண்ணீரெடுத்துக் கைகளைக் கழுவினான். அவன் கை தூய்மையாயிற்று, பாவம் அகன்றதா? அது வேறொருவர்மேல் சுமத்தப்பட்டது. அவர் சிலுவையைச் சுமந்து நகருக்கு வெளியே போனார். தன் வாசலைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, அழுக்கை நகருக்கு வெளியே வாழ்பவன் வாசலுக்குத் தள்ளும் எந்த வளர்ச்சியும் பிலாத்துவின் கைகழுவலே. மாநகரின் குப்பையும் சாம்பலும் கழிவுநீரும் வடக்கு நோக்கியே வருவதைக் கண்ட நம் மக்களுக்கு இது புதிதன்று.

திருச்சபை தன் வழிபாட்டில் இதற்கு மாறான ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. முறைப்படி கட்டப்பட்ட பழைய கோவில்களில், பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில் ஒரு சிறு தனித்தொட்டி இருக்கும். திருக்கிண்ணத்தைத் துடைத்த துகிலை முதலில் அலசிய நீரை அதில்தான் ஊற்றுவார்கள். அதன் குழாய் சாக்கடையோடு சேராது. நேரே மண்ணுக்குள் இறங்கும். புனிதமானதைத் தொட்ட நீர் எங்கே போகிறது என்று கவலைப்படத் திருச்சபை நமக்குக் கற்பித்திருக்கிறது. ஒரு மீனவக் குடும்பத்தின் உணவைத் தொடப்போகும் நீர் எங்கே போகிறது என்று கவலைப்படுவது அதே பக்தியின் நீட்சியன்றோ? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' என்னும் திருமடலில், தூய குடிநீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று கற்பித்தார். இயற்கையில் ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகிறது. மனிதனின் தொழில்முறையோ இன்னும் அந்தச் சுழற்சியைக் கற்கவில்லை என்பதையும் எடுத்துரைத்தார்.

நம் பகுதிக்கு இராயபுரம் என்ற பெயரே மீனவரான புனித இராயப்பரால் வந்தது. அவருக்குப் படகோட்டிகள் தம் கைப்பணத்தால் கோவில் எழுப்பிய மண் இது. இன்று அதே கோவில்களில், ஒரே வரிசையில், ஆலையில் வேலை செய்பவரும் ஆற்றில் வலை வீசுபவரும் அமர்ந்திருக்கிறார்கள். கசிவு ஏற்படும்போதெல்லாம் இவர்கள் எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்துவிடுகின்றனர். ஒருவருக்கு வேலை போய்விடுமோ என்ற அச்சம். மற்றவருக்கு மீன் போய்விட்டதே என்ற துயரம். இரண்டும் உண்மையான வயிறுகளின் குரல். ஒன்றை மறுத்து மற்றொன்றைக் கேட்பது கிறிஸ்தவ நீதியாகாது. இரண்டாவது குழாய்க்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்று முடிவு செய்யாமல் விட்டால், அதை மீனவர் ஏற்கிறார். இதுதான் இவ்வளவு நாளும் நடந்தது. அந்தச் செலவு பொருளின் விலையிலும் ஆலையின் கணக்கிலும் முறையாக ஏறவேண்டும் என்று ஆலைத் தொழிலாளரும் மீனவரும் சேர்ந்து கேட்டால், இருவர் வயிறும் பிழைக்கும்.

நாம் செய்யக்கூடியவை எவை?

இல்லத்தாருக்கு: வடை பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நம் வீட்டுக் கழிவுநீர் கொடுங்கையூருக்குப் போகிறது. அங்கே சவ்வை அடைக்கும் பசையில் நம் பங்கும் உண்டு. சட்டியைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் இடுங்கள். துணி, பஞ்சு, பிளாஸ்டிக் ஆகியவற்றைக் கழிப்பறையில் போடாதீர்கள். அடைப்பை எடுக்கக் குழிக்குள் இறக்கப்படுபவனும் ஒரு தாயின் மகன். வீட்டு ஆர்.ஓ. பெட்டியின் இரண்டாவது குழாய்க்கு ஒரு வாளியை வையுங்கள். தரை துடைக்கவும் கழிப்பறைக்கு ஊற்றவும் உதவும். பிள்ளைகளிடம் அந்த வாளியைக் காட்டி, அது ஏன் அங்கே இருக்கிறதென்று சொல்லுங்கள்.

ஆலைகளில் பணிபுரியும் இளைஞருக்கு: சுத்திகரிப்பு நிலையங்களில் நீரைச் சுற்றுவழியில் திருப்பிவிடும் வால்வு ஒன்று உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். மழை கொட்டும் இரவில் அதைத் திறக்கும் கை, மேலதிகாரியின் கையன்று, உங்களுடையது. "சொன்னதைச் செய்தேன்" என்பது மனச்சான்றின்முன் பாதி விடைதான். அளவுக் கருவி காட்டுவதை அப்படியே எழுதுங்கள். தவறு நடந்தால் எழுத்தில் தெரிவியுங்கள். அவ்வாறு எழுதியவனைத் தனியே விட்டுவிடாமல் துணைநிற்பது பங்கின் கடமை. அதிகாரத்தில் இருப்போரே, சவ்வை வாங்கும் தொகையோடு அதைக் காக்கும் தொகையையும், வெள்ள நாளுக்கான தேக்கத் தொட்டியின் தொகையையும் எழுதுங்கள். இராக்காவல் தொழிலாளியை அந்தச் சோதனைக்கு உட்படுத்தாதீர்கள்.

பங்குப் பேரவைக்கும் அன்பியங்களுக்கும்: புதிய ஆலை வரும்போதோ பழையது விரிவாகும்போதோ பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கூட்டப்படுவதுண்டு. அங்கே கூச்சல் போடுவதற்கு முன் அறிக்கையைப் படியுங்கள். படித்த பிள்ளைகளை உட்கார்த்தி, குப்பத்துப் பெரியவருக்கு விளங்கும்படி தமிழில் சொல்லச் செய்யுங்கள். பின்னர் மூன்றே கேள்விகளை எழுத்தில் கொடுங்கள்: பிரித்தெடுத்த கழிவு எவ்வளவு? அது எந்த வழியே, எங்கே போகிறது? பெருமழை நாளில் அதைத் தேக்கிவைக்க எவ்வளவு இடம் இருக்கிறது? விடை வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. கோபத்தைவிட இந்த மூன்று கேள்விகள் அதிக தூரம் போகும்.

வலையைக் கரைக்கு இழுத்து நல்லதைக் கூடையிலும் ஆகாததை வெளியிலும் எறிவதை ஆண்டவர் விண்ணரசுக்கு உவமையாகச் சொன்னார். இறுதியில் பிரிக்கும் அந்த அதிகாரம் அவருக்கு உரியது. அதுவரை இந்த மண்ணில் பிரிக்கும் தொழில் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பிரித்தெடுத்த நல்ல நீருக்காக நன்றி சொல்வோம். பிரித்து விலக்கியது எவர் கரையில் ஒதுங்குகிறது என்று பார்த்துவரவும் துணிவோம். இயேசுவும் மரியாவும் சூசையும் உங்கள் இல்லங்களைக் காப்பார்களாக.